மீசையில் ஒட்டிய மண்

செஞ்சிக் கோட்டையின் பெருமையை இன்று உலகறியும். மராத்தியர் காலத்துப் படையரண்கள் பன்னிரண்டினை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக யுனெஸ்கோ நிறுவனம் 2025 ஜூலையில் ஏற்றபோது, அவற்றுள் தமிழ்நாட்டுக்கு உரியதாக அமைந்தது செஞ்சி ஒன்றே. ஆனால் அவ்வட்டாரத்துத் தொண்டூரை அறிந்தார் எத்துணைப் பேர்? அவ்வூர்க் குன்றில் சமண முனிவர்க்கு வெட்டிக் கொடுத்த கற்படுக்கைகளும், பழந்தமிழ் எழுத்தில் பொறித்த கல்வெட்டும் உள. தமிழ் பயிலும் மாணவர் ஒருமுறையேனும் காண வேண்டிய இடம் என்று கருதியே, சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாமை நாம் அங்கு நடத்தினோம். பகலில் ஏரிக்கரையில் முள் வெட்டும் பணி. மாலையில் களத்துமேட்டில் மாணவர்களின் விளையாட்டு. கல்வெட்டைப் பற்றி எழுதுவதாகத்தான் மலர்க் குழுவினரிடம் வாக்களித்திருந்தோம். எழுதப் புகுந்தபோது களத்துமேடே முன்வந்து நின்றது.

மூன்றாம் நாள் மாலை, வைக்கோலைப் பரப்பி அதன்மேல் மாணவர்கள் மல்லுக்கு நின்றனர். வணிகவியல் பயிலும் மாணவர் ஒருவர், நெடிய பருத்த உடலினர், எதிர்த்த மூவரையும் வீழ்த்திவிட்டுத் தோள் தட்டிக்கொண்டிருந்தார். நான்காவதாக நின்றவர் நம் துறை மாணவர், மெலிந்தவர், பள்ளி நாளில் ஜூடோ பயின்றவர் என்பதை அன்றுதான் அறிந்தோம். இருவரும் ஒருவர் சட்டையை ஒருவர் பற்றிச் சற்று நேரம் இழுத்தனர். பருத்தவர் முன்னோக்கித் தள்ளினார். அக்கணமே மெலிந்தவர் தாமே பக்கவாட்டில் சரிந்து விழுந்தார். விழுந்தவர் பிடியை விட்டாரில்லை. அவர் நீட்டிய கால் குறுக்கே நிற்க, பருத்தவர் அவருக்கு மேலாகச் சுழன்று அப்பால் மல்லாந்து விழுந்தார்.

மாணவர் ஆரவாரித்தனர். ஊர்ப் பெரியவர் ஒருவர் மட்டும் ஒப்பவில்லை. "ஏம்பா, மொதல்ல கீழ விழுந்தவன் எப்பிடிப்பா கெலிச்சான்? விழுந்தும் மீசையில மண்ணு ஒட்டலன்ற கதையால்ல இருக்குது!" என்றார். களமே இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. "வாத்தியாரே, நீங்களே சொல்லுங்க" என்று அவர் நம்மிடம் தீர்ப்பை விட்டார். நாம் சிரித்து மழுப்பினோம். விடை தெரியவில்லை என்பதே உண்மை.

மற்களத்தில் வென்றவர் யார் என்ற வாதம் தமிழுக்குப் புதிதன்று. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைப் புறநானூறு பாடுகின்றது. சாத்தந்தையார் பாடல் ஒன்றில் அம்மன்னன் எதிரியின் மார்பில் ஒரு முழந்தாளை ஊன்றி, மற்றைக் காலால் அவன் சூழ்ச்சியைத் தடுத்து நெருக்கும் காட்சி, இன்றைய பயிற்றுநர் ஒருவர் பாடம் நடத்துவது போன்றே அமைந்துள்ளது. அம்மன்னன்மீது காதல் கொண்ட நக்கண்ணையார் பாடிய மூன்று பாடல்களுள் ஒன்றில், ஊரார் சிலர் வெற்றி அவனுக்கே என்பர். சிலர் இல்லை என்பர். அவரோ பனையடியில் நின்று தம் கண்ணாலேயே அவன் வென்றதைக் காண்பார். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய அவ்வாரவாரத்தைத் தொண்டூர்க் களத்துமேட்டில் நாம் மீண்டும் கேட்டோம் என்றால் அது மிகையாகாது. ஒரு வேறுபாடு உண்டு. நம் இலக்கியத்தில் வென்றவன் எப்போதும் மேலே இருப்பான். கீழே கிடப்பவனுக்கு மேற்சொன்ன பழமொழி ஒன்றே நாம் வைத்த பரிசு.

ஊர் திரும்பியபின் நூல்களைத் தேடினோம். அறிந்த பயிற்றுநரிடமும் கேட்டோம். அம்மாணவர் செய்தது ஜூடோவில் முறையாக வகுக்கப்பட்ட ஓர் எறிவு. ஜப்பானில் பள்ளியாசிரியராக வாழ்ந்த ஜிகோரோ கானோ என்பார், பழைய ஜூஜுட்சு முறைகளிலிருந்து கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளி, 1882-இல் டோக்கியோவின் எய்ஷோஜி என்னும் கோயிலில் ஒரு சிறு குழுவினரோடு தொடங்கியதே ஜூடோ. அவர் எறிவுகளைக் கையால், இடுப்பால், காலால் எறிவன என்று பகுத்தார். அவற்றிற்கு அப்பால், எறிபவன் தன் நிலையைத் தானே கைவிட்டு விழுந்து, அவ்வீழ்ச்சியின் எடையாலேயே எதிரியை இழுத்தெறியும் வகையினைத் தனியே வைத்தார். நேராக மல்லாந்து விழுந்து எறிவன ஒருவகை. பக்கவாட்டில் சரிந்து எறிவன மற்றொருவகை. பின்னதற்கு 'யோகோ சுதெமி வாஸா' என்று பெயர். எதிரியின் குதிகால்களுக்குப் பின்னே காலை நீட்டி அவனைப் பள்ளத்தாக்கில் சரிப்பதுபோல் பின்னோக்கி வீழ்த்தும் 'தானி ஓதோஷி', எதிரியை மூலைவாட்டில் மிதக்கவிட்டு வீழ்த்தும் 'உகி வாஸா', சக்கரம்போல் சுழற்றும் 'யோகோ குருமா' முதலியன இதனுள் அடங்கும். நம் மாணவர் செய்தது உகி வாஸா.

வலியோன் தள்ளும்போது மெலியோன் எதிர்த்து நின்றால் தோல்வி உறுதி. அவன் விலகினாலோ எதிரி சற்றே தள்ளாடுவான், அவ்வளவே. விலகுவதோடு நில்லாமல் தன் உடலெடை முழுவதையும் நிலத்தை நோக்கி விட்டால், அறுபது கிலோ எடை எதிரியின் சட்டையில் தொங்கியதாகிவிடும். அந்நேரம் அவன் கால் அடியெடுத்து வைக்க இடமின்றித் தடுக்கப்பட்டால், அவன் தள்ளிய விசையே அவனைக் கவிழ்க்கும். வீழ்ந்தவனுக்கு வெற்றி வருவது இவ்வாறே.

பெரியவரின் வினாவுக்கும் இங்கே விடை உண்டு. நம் நாட்டுக் குஸ்தியில் தோளிரண்டும் மண்ணில் பதிந்தால் தோல்வி. எவ்வாறு பதிந்தன என்னும் வினாவுக்கு அங்கு இடமில்லை. ஜூடோ நடுவர் நோக்குவது அவ்வீழ்ச்சி யாருடைய ஆட்சியில் நிகழ்ந்தது என்பதை. தானே தொடங்கிய வீழ்ச்சிக்காக எறிபவன் புள்ளி இழப்பதில்லை. அவன் விழத் தொடங்கியபின் எதிரி அதனைத் தன்வயமாக்கிக்கொண்டு அவனை அழுத்தி வீழ்த்தினால், புள்ளி எதிரிக்கே சேரும். ஆகவே அன்று களத்துமேட்டில் வென்றவர் நம் துறை மாணவரே என்று இம்மலரின் வாயிலாகத் தொண்டூர்ப் பெரியவருக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்.

இத்துடன் முடிந்திருந்தால் இஃது ஒரு வெற்றிக் கட்டுரையாகியிருக்கும். மறுநாள் மாலை நடந்ததையும் சொல்லியாக வேண்டும்.

முதல்நாள் கண்ட வித்தையை மாணவர் இருவர் தாமே செய்து பார்க்க முனைந்தனர். இருவரும் பயிலாதவர்; அறைத் தோழர்கள். ஒருவர் மற்றவரின் பின்புறம் காலை நீட்டித் தம் முழு எடையோடும் சரிந்தார். வீழ்ந்தவர் நிலத்தைத் தடுக்கக் கையை ஊன்றினார். மணிக்கட்டு முறிந்தது. எறிந்தவரோ அதை அறியாமல், வென்றோம் என்று இரு கைகளையும் உயர்த்திச் சிரித்தபடி எழுந்தார். அச்சிரிப்பு அடங்கியபோது அவர் முகம் இருந்த நிலை இன்றும் நம் கண்முன் நிற்கின்றது. இரவோடிரவாக மருத்துவமனைக்குச் சென்று மாவுக்கட்டுப் போட்டுத் திரும்பினோம். பொறுப்பாசிரியராகிய நாம் களத்தருகே நாற்காலியில் அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. பிழை மாணவருடையதன்று, நம்முடையது.

நாம் செய்த பிழை யாது என்பதைக் கானோவின் பாடமுறையே பின்னர் உணர்த்தியது. ஜூடோ பயில வருவோர்க்கு முதற்பாடம் எறிதலன்று, விழுதல். அதனை 'உகெமி' என்பர். தாடையை மார்போடு ஒட்டித் தலை தரையில் மோதாமல் காத்தல், கையை ஊன்றாமல் முழுக்கையையும் உள்ளங்கையையும் பக்கத்தில் தட்டி அதிர்ச்சியைப் பரப்புதல், முதுகை வளைத்து உருளல் என்பன அதன் உறுப்புகள். கையை ஊன்றுவது மனித இயல்பு. அவ்வியல்பை மறக்கடிப்பதற்கே வாரக் கணக்கில் பயிற்சி வேண்டும். மேலும், நின்றுகொண்டு எறியும் எறிவுகளில் எறிபவன் இறுதிவரை எதிரியின் கைச்சட்டையைப் பற்றி மேல்நோக்கி இழுப்பான். அவன் தலை மோதாமல், மெல்ல இறங்க வேண்டுமென்பதே அதன் நோக்கம். வென்றவன் தோற்றவனைத் தாங்கும் அவ்வழகை நாம் பெரிதும் வியக்கிறோம். பக்கவாட்டில் தானும் விழுந்து எறிபவனுக்கு அவ்வாய்ப்பு மிகக் குறைவு. அவனே தரையில் கிடக்கின்றான், யாரைத் தாங்குவான்? சற்றுப் பிசகினால் எதிரியின் முழங்காலின்மேல் பக்கவாட்டில் விழுந்து மூட்டு நாரினை அறுத்தும் விடுவான். தானி ஓதோஷிக்கு இவ்வகையில் கெட்ட பெயரே உண்டு. எறிவுகளை முறைப்படுத்திக் காட்டும் 'நாகே நோ காதா' என்னும் ஒழுங்கில் ஐந்து தொகுதிகளாகப் பதினைந்து எறிவுகள் உள. பக்கவாட்டில் விழுந்து எறிவன ஐந்தாம் தொகுதியாக, எல்லாவற்றிற்கும் இறுதியில் நிற்கின்றன. கடைசியில் கற்பிக்க வேண்டியதை நம் மாணவர்கள் முதலிலேயே முயன்றனர், நாம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இவ்வகை எறிவின் நன்மை தீமை இரண்டும் ஒரே மனிதரின் கால்களில் எழுதப்பட்டிருப்பது ஒரு வியப்பு. அவர் ஜப்பானின் யசுஹிரோ யாமஷிதா. 1980-இல் ஜப்பானிய எடைப்பிரிவுப் போட்டியில் அவரை எதிர்த்த சுமியோ எண்டோ, 'கானி பாஸாமி' என்னும் எறிவைச் செய்தார். நண்டுக் கொடுக்கு என்று அதனைத் தமிழில் கூறலாம். பக்கவாட்டில் பாய்ந்து, இரு கால்களாலும் எதிரியின் கால்களைக் கத்தரிபோல் முன்னும் பின்னும் பற்றி வீழ்த்துவது. இதுவும் யோகோ சுதெமி வகையைச் சேர்ந்ததே. யாமஷிதாவின் கால் எலும்பு முறிந்தது. அவ்வெறிவு பின்னர்ப் போட்டிகளில் தடை செய்யப்பட்டது.

நான்காண்டு கழித்து, 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அதே யாமஷிதா, இடைச்சுற்று ஒன்றில் வலக்கால் ஆடுதசை கிழிந்து, நொண்டியபடியே இறுதி ஆட்டத்துக்கு வந்தார். எதிரே நின்றவர் எகிப்தின் முகம்மது ரஷ்வான், அலெக்சாந்திரியா நகரத்தவர். ரஷ்வான் தோற்று வெள்ளி பெற்றார். நொந்த காலைத் தாக்கி வெல்ல முனையவில்லை என்பதற்காக நேர்மையான ஆட்டத்துக்குரிய பன்னாட்டு விருது அவரைத் தேடி வந்தது. அவ்வாட்டத்தின் படச்சுருளைப் பார்த்துவிட்டு, அவர் ஒருமுறையேனும் அக்காலை நாடினார் என்று வாதிடுவோரும் உளர். களத்தில் நொடிக்குள் நிகழ்வதைத் தராசில் நிறுத்தல் அரிது. ஆனால் பரிசு மேடைமேல் ஏற இயலாது நின்ற யாமஷிதாவுக்கு ரஷ்வான் கைகொடுத்து உதவியதை உலகமே கண்டது. நம் இல்லங்களில் ருக்கானா என்னும் மல்லரைப் பெருமானார் (ஸல்) மற்போரில் வென்ற செய்தியைச் சிறுவர்க்குச் சொல்வதுண்டு. அதனை அடுத்து, தோற்றும் பெயர்பெற்ற இந்த ரஷ்வானின் கதையையும் சொல்லலாம் என்பது நம் கருத்து.

தமிழ்த்துறையினராகிய நாம் சொல்லைப் பற்றி ஒன்று கூறாமல் போவது முறையாகாது. ஆங்கில நூல்கள் இவ்வெறிவுகளைத் தியாக எறிவு என்னும் பொருள்படக் குறிக்கின்றன. இதனை நம்மவர் 'பலி வீச்சு' என்று பெயர்த்திருப்பதை ஒரு பயிற்சி ஏட்டில் கண்டு திடுக்கிட்டோம். பலி என்றால் நம் வீடுகளில் பக்ரீதும் ஆடும் நினைவுக்கு வரும். அயல்வீடுகளில் எல்லைச்சாமி நினைவுக்கு வரும். 'தியாகம்' என்பதும் பொருந்தாது. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றத்தில், ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பு நோற்று உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரைக் கூறும் பழங்கல்வெட்டு உளது. உடலைத் துறத்தல் என்பதன் முழுப்பொருளையும் கல்லில் வெட்டி வைத்த மண் அது. அம்மண்ணில் நின்றுகொண்டு, புள்ளி எடுப்பதற்காகச் சற்றே சரிபவனைத் தியாகி என்று அழைக்க நமக்கு நா எழவில்லை.

ஜப்பானியச் சொல்லோ எளியது. 'சுதெ' என்பது எறிந்துவிடல். 'மி' என்பது உடல். (மி என்பதை மெய் என்பதோடு ஒட்டவைக்க அன்பர் சிலர் உடனே முனையக்கூடும். பேராசிரியர் சுசுமு ஓனோ தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு கூறியது முதல் நம்மவர்க்கு இத்தகைய ஆர்வம் மிகுதி. ஓரெழுத்தை வைத்துக்கொண்டு உறவு பேசுவதை இப்போதைக்கு ஒத்திவைப்போம்.) நாம் முன்வைப்பது 'உடன்வீழ் எறிவு' என்னும் சொல். நேராக விழுவதை நேர் உடன்வீழ் எறிவு என்றும், சரிந்து விழுவதைப் பக்க உடன்வீழ் எறிவு என்றும் வழங்கலாம். வீழ்பவர் இருவர் என்பதை அச்சொல் மறக்கவிடாது. தொண்டூரில் கையை உயர்த்திச் சிரித்த மாணவர் மறந்தது அதைத்தானே!

நம் கல்லூரியில் ஜூடோ வேண்டும் என்று உடற்கல்வித் துறையினர் கேட்டு வருவதை ஆட்சிக் குழுப் பெரியோர் அறிவர். முகாம் நிகழ்ச்சிக்குப் பின் 'வேண்டவே வேண்டா' என்று சொல்வோர் குரல் ஓங்கியுள்ளது. அவர்களுடைய அச்சம் வீணன்று. ஜப்பானிலேயே 1983 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் பள்ளி ஜூடோவில் நூற்றுக்கு மேற்பட்ட மாணவர் உயிரிழந்தனர் என்ற கணக்கு வெளியானபோது அந்நாடே அதிர்ந்தது. தலையில் அடிபட்டு இறந்தோருள் புதிதாகச் சேர்ந்த முதலாண்டு மாணவரே மிகுதி. இச்செய்தியை மறைத்துவிட்டு ஜூடோவைப் பரிந்துரைப்பது நேர்மையாகாது. எனினும் இதிலிருந்து நாம் பெறும் முடிவு வேறு. விழக் கற்பதற்கு முன் எறியப்பட்டவரே பெரிதும் அழிந்தனர். ஆகவே எறிதலைக் கற்பிக்கும் வசதியும் தேர்ந்த ஆசிரியரும் வாய்க்கும்வரை, விழுதலை மட்டுமாவது கற்பிக்கலாமே! ஒரு பருவம் முழுவதும், போட்டியின்றி, பதக்கமின்றி, மாணவர் அனைவரும் பாயில் விழக் கற்கட்டும். உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் உலகில் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கின்றனர். எதிர்பாரா விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்கே. அவர்களுள் முதியோரே மிகுதி. உளூச் செய்யும் ஹவுளின் படியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்த பெரியவர் நம் மஹல்லாவில் ஒருவரா, இருவரா?

மாணவியர்க்கும் இது வேண்டும் என்றால் சிலர் முகம் சுளிக்கக்கூடும். 1929-இல் கவியரசர் தாகூர் ஷின்ஸோ தாககாகி என்னும் ஜூடோ ஆசிரியரைச் சாந்திநிகேதனத்துக்கு அழைத்து வந்தபோது அங்கே மாணவியரும் பயின்றனர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சவூதி அரேபியாவின் வுஜ்தான் ஷஹர்கானி என்னும் பதினாறு வயதுப் பெண், தலையை மூடிய வண்ணம் ஜூடோ விரிப்பில் இறங்கினார். தலைமூடிக்கு இசைவு பெறவே பெரும் பேச்சுவார்த்தை நடந்தது. 82 நொடியில் தோற்றார். ஒலிம்பிக்கில் களமிறங்கிய முதல் சவூதிப் பெண் அவர்தாம் என்பதால் அரங்கம் அவரைக் கைதட்டி வழியனுப்பியது. விழுந்து எழுந்தவர் தலைக்கும் கைக்கும் ஊறின்றி நடந்து சென்றார் என்பதையே நாம் சிறப்பாகக் குறித்துக்கொண்டோம். பிறகு, 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் பார்வைக் குறைபாடுடைய கபில் பர்மார் வெண்கலம் வென்று, அவ்விழாவில் ஜூடோவுக்கு இந்தியா பெற்ற முதற் பதக்கத்தைக் கொண்டுவந்தார். அப்பிரிவில் ஒருவர் சட்டையை ஒருவர் பற்றிய பின்னரே ஆட்டம் தொடங்கும். எதிரி எங்கே விழுவான் என்பதைக் கையால் மட்டுமே அறிய வேண்டிய ஆட்டம் அது.

மணிக்கட்டு முறிந்த மாணவர்க்கு ஆறு வாரத்தில் மாவுக்கட்டுப் பிரித்தனர். பருவத் தேர்வை அவர் சொல்ல, வேறொருவர் எழுதினார். அவரை வீழ்த்திய தோழர்தாம் அவருக்கு அதுவரை உணவுத் தட்டு ஏந்தியவரும், துணி துவைத்தவரும். இவ்வாண்டு இருவரும் நகரத்துப் பயிற்சிக் கூடம் ஒன்றில் சேர்ந்துள்ளனர். சென்ற வாரம் துறைக்கு வந்தபோது, "எதுவரை வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டோம். "மூன்று வாரமாக விழுந்துகொண்டே இருக்கிறோம், ஐயா. இன்னும் யாரையும் தொட விடவில்லை" என்றனர்.

வரும் திசம்பரில் முகாம் மீண்டும் தொண்டூரில்தான். களத்துமேட்டுக்கு எடுத்துச் செல்ல விரிப்புகள் எட்டு வேண்டுமென முதல்வர் அவர்களிடம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம்.